போனில் தேடுங்கள், பொடிநடையாய்ப் போய்க் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: அங்கன்வாடி மேற்பார்வையாளராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்

எங்கள் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது. பிள்ளைக்கு வீட்டில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனில் ஒரு தடவை தேடினேன். அன்றிலிருந்து 'மூளைத்திறன் பயிற்சி', 'மூன்று வயதில் ஆங்கிலம் வாசிக்கும் குழந்தை' என்று விளம்பரமாக வந்து கொட்டுகிறது. ஒரு வகுப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். காசு கொடுக்காமல் நம்பி எடுத்துக்கொள்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகி, வேடசந்தூர்

முதல் வேலையாக அந்த 12,000 ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் புத்தகம் வாசிக்க வைக்கிறேன், மிட் பிரெயினை, அதாவது நடு மூளையை, முடுக்கிவிடுகிறேன் என்று வருகிறவர்களிடம் அறிவியல் கிடையாது. வாய் மட்டும் நன்றாக இருக்கும்.

போனில் தேடினால் மேலே வரும் நாலைந்து முடிவுகளுக்குப் பக்கத்தில் 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். காசு கொடுத்துப் பிடித்த இடம் அது. தாண்டிக் கீழே வாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் ஐஎன்' அல்லது 'என்ஐசி டாட் ஐஎன்' என்று முடிந்தால் அரசுத் தளம். அரசுத் தளம் என்றால் அருமையாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாதி இணைப்பு திறக்காது. திறந்தாலும் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் வரும். ஆனால் உங்கள் தலையில் எதையும் கட்டாது.

இன்னொன்று. 'பிளே ஸ்கூல் நியர் மீ' என்று அடித்தால் கடைதான் வரும். திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. 'நவ்சேதனா' என்பது பிறந்ததிலிருந்து 3 வயது வரைக்கும். தூக்கி வைத்துக்கொண்டு பேசுவது, ஒளிந்து விளையாடுவது என்று வயதுவாரியாக 140 செயல்பாடுகள் அதில் இருக்கின்றன. 'ஆதார்ஷிலா' 3 முதல் 6 வயதுக்கு. 48 வாரத்துக்கான பாடத்திட்டம். உங்களுக்கு வேண்டியது இது. அங்கன்வாடி டீச்சருக்காக எழுதியதுதான், ஆனால் அம்மா படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நம் மாநில அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழிலேயே பாடத்திட்டம் இருக்கிறது. பாட்டும் கதையும் விளையாட்டும் நிறைந்தது.

கதைக்கு 'ஸ்டோரிவீவர்' என்று தேடுங்கள். பிரதம் புக்ஸ் என்கிற லாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம், எல்லாமே இலவசம். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, நிலையில் முதல் நிலையைத் தட்டுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதியெல்லாம் படம். பிடித்ததை இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, இடது ஓரத்தில் ஊசி நூலால் இரண்டு தையல் போட்டுவிட்டால் புத்தகம் தயார். கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள். வண்ணம் அடிக்கிற வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

வாசிக்கும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். நம் ஊரில் கதை சொல்லத் தொடங்கியதும் "இது என்ன? அது என்ன கலர்? எங்கே, எத்தனை வாத்து எண்ணு" என்று பரீட்சை ஆரம்பித்துவிடும். பிள்ளை எழுந்து ஓடுவது அதனால்தான். நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள். அவள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் பார்க்கட்டும். "இந்தப் பூனைக்கு இப்போ பசிக்குமோ?" என்று நீங்களாக ஒரு சந்தேகம் கேளுங்கள். பதிலுக்கு அவள் பூனையைப் பற்றிச் சொல்ல மாட்டாள், நேற்று தனக்குப் பசித்த கதையைச் சொல்வாள். அந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும்.

இதையெல்லாம் பார்த்து முடித்ததும் போனை வைத்துவிட்டு, பக்கத்துப் பால்வாடிக்கு ஒரு நாள் காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1975 அக்டோபர் 2இல் இந்தியாவில் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது எதற்காகத் தொடங்கினார்களோ, அதற்குரிய வயதில் உங்கள் மகள் இருக்கிறாள். நம் மாநிலத்தில் 2 வயது முடிந்த பிள்ளை அங்கன்வாடிக்கு வரலாம். சாப்பாடு உண்டு, முட்டை உண்டு, எடையும் உயரமும் பார்ப்பார்கள். போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்களா, சுவரோரம் வரிசையாகக் கைகட்டி இருக்கிறார்களா, விளையாட்டுச் சாமான் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, பூட்டிய அலமாரிக்குள் புதுசாக இருக்கிறதா? டீச்சர் போனும் கையுமாக இருந்தால் உடனே கோபப்படாதீர்கள். போஷன் டிராக்கர் செயலியில் அன்றாடக் கணக்கு ஏற்றுவதும் அவர் தலையில்தான். அதைப் பற்றித் தனியாக ஒரு இதழே எழுதலாம். ஆசிரியர் இடம் தர மாட்டார்.

தனியார் மழலையர் பள்ளிதான் என்று முடிவு செய்தால், பள்ளியின் இணையப் பக்கத்தில் இருக்கும் யானை, முயல் படத்தைப் பார்த்து மயங்காமல் அரசு அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆர்டிஇ எனும் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளி எல்கேஜிக்கு மகனைச் சேர்க்க நினைக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டரில் "ஸீட் கன்ஃபர்ம், 3,000 கொடுங்க" என்கிறார்கள். கொடுக்கலாமா? நான் ஆட்டோ ஓட்டுகிறேன்.
– ஒரு வாசகர், கோவை

கொடுக்காதீர்கள் தம்பி. கன்ஃபர்ம் பண்ணுகிற அதிகாரம் அந்தக் கடைக்கு மட்டுமல்ல, பல நேரம் பள்ளிக்கே கிடையாது. இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் கூடிவிட்டால் குலுக்கல்தான்.

சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு. பள்ளிக்கல்வித் துறையின் தளத்தில் பெற்றோரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. போனில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள், அங்கேயும் இலவசமாகப் பதிந்து தருவார்கள். எல்கேஜி என்றால் ஜூலை 31ஆம் தேதிக்குள் 3 வயது முடிந்து, 4 முடியாமல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று சான்று. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்றால் சாதிச் சான்று. அதற்கு வருமான வரம்பு இல்லை. ரெண்டில் எதில் போடுகிறீர்கள் என்பதை முன்னாலேயே முடிவு செய்து, அந்தச் சான்றை மட்டும் ஒழுங்காக வாங்குங்கள். பிறப்புச் சான்றில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும்; கடைசி நாளில் அதற்காக அலைவார்கள்.

தேதியை வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வழக்கமாகக் கோடையில் நடக்கும் வேலை, 2025இல் மத்திய நிதி இழுபறியால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் எத்தனை வதந்தி வந்தது என்று உங்களுக்கே தெரியும். 14417 என்பது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். கூப்பிட்டுக் கேளுங்கள்.

குலுக்கலில் விழாவிட்டால் மனம் விட வேண்டாம். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உங்கள் பகுதியில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று அதே அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு அலைச்சலில் இரண்டு வேலை.

என் பேரனுக்கு இரண்டரை வயசு. இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். மருமகள் யூடியூபைப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள். என் வீட்டுக்காரரோ, "இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது தங்கச்சி?
– ஒரு பாட்டி, நாகர்கோவில்

அக்கா, ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். மருமகளைத் திட்டவும் செய்யாதீர்கள். அவள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. பயத்தை எடுத்துக்கொண்டு போன இடம்தான் தப்பு. பத்து நிமிட வீடியோவில் யாருடைய பிள்ளைக்கும் ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வயதில் ஒரு பிள்ளை "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். பேர் சொன்னால் திரும்ப வேண்டும். உங்கள் பேரன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்த வாரம் கிளம்ப வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனுக்குப் பின்னால் தட்டு விழுந்தால் திரும்புகிறான், அதனால் காது கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது போதாது. சில சத்தம் கேட்டு, பேச்சுச் சத்தம் சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்கிற சிறார் நலத் திட்டத்தில், 'மாவட்ட இடையீட்டுச் சேவை மையம்' என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் இந்தப் பேர் தெரியாது. ஆங்கிலச் சுருக்கமாக 'டெய்க்' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில்தான் இருக்கும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. எந்த நாள் யார் வருவார் என்று சுகாதார உதவி எண் 104க்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள். தாய் சேய் நலப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டிருப்பதை, மருமகளுடன் உட்கார்ந்து, அவன் செய்வதையும் செய்யாததையும் பென்சிலால் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும்போது ஆளுக்கொன்று சொல்லாமல் இருக்கலாம்.

அவன் தன் போக்கில் விளையாடுவதை ஒரு நிமிடம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளை அழும். ஒன்றும் செய்து காட்டாது. அந்த ஒரு நிமிட வீடியோ டாக்டருக்கு உதவும். யூடியூபில் ஏற்ற வேண்டாம்.

பெரிய மையம் வேண்டும் என்றால் சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 'என்ஐஇபிஎம்டி' என்று தேடுங்கள். நாகர்கோவிலிலிருந்து அது தொலைவு. முதலில் உள்ளூரில் பாருங்கள், அவர்கள் எழுதிக் கொடுத்தால் போகலாம்.

'ஆறு வாரத்தில் ஆட்டிசம் குணம்' என்று பொடி விற்கிற பக்கங்களை மருமகளின் போனில் பிளாக் செய்யச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். தாத்தாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாயங்காலம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, டிவியை அணைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அப்பன் நாலு வயதில் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். சோதனை செய்து பார்ப்பதால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

ஏழு மாதக் கர்ப்பிணி. "அங்கன்வாடி ஆபீஸிலிருந்து பேசுறோம், உங்களுக்குப் பேறுகால உதவித்தொகை வந்திருக்கு, அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வந்தது. என் பெயர், கணவர் பெயரெல்லாம் சரியாகச் சொன்னார்கள். நிஜமா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

மோசடி. காசு வாங்குவதற்கு யாரும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, காசு அனுப்பத்தான் ஸ்கேன் செய்வோம். பெயர் தெரிந்திருப்பதை வைத்து நம்பாதீர்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்து பணம் போயிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இணைய மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் தவணையாக வங்கிக் கணக்குக்கே வரும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணும் கணக்கு எண்ணும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் கேளுங்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்று வாங்கவும் அந்த பிக்மி எண் வேண்டும். தாளின் ஓரத்தில் எழுதித் தொலைக்காமல் போனில் படம் பிடித்து வையுங்கள்.

கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சனிக்கிழமை 1,800 ரூபாய் வரும். பெரியவளுக்கு 4, சின்னவனுக்கு 1 வயசு. அம்மாவுக்கு முடியவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அரசு உதவி என்று தேடினால் நூறு வீடியோ வருகிறது, ஒன்றும் புரியவில்லை.
– ஒரு வாசகி, திருப்பூர்

அந்த நூறு வீடியோவையும் விடுங்கள் கண்ணு. உங்களுக்கு வேண்டிய பெயர் ஒன்றுதான்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. உங்கள் மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் அந்த அலுவலகத்தின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். கிடைக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். பிள்ளை காணாமல் போனால்தான் அந்த நம்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதற்கும் கேட்கலாம்.

அங்கே போய் 'மிஷன் வாத்சல்யா ஸ்பான்சர்ஷிப்' என்று சொல்லுங்கள். கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் திட்டம். நகரப் பகுதியில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள், கிராமப் பகுதியில் 72,000க்குள் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியபடி கணக்குப் பார்த்தால் வாரம் 1,800 என்பது வருஷத்துக்கு 93,600. நகர எல்லைக்குள் குடியிருந்தால் வரம்புக்குள் வருகிறீர்கள். வருமானச் சான்று வாங்கும்போது யாராவது 'ஒரு லட்சம்' என்று முழுசாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரின் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இரண்டு நகல். மாவட்ட அளவில் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், உடனே கிடைத்துவிடாது. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' பற்றியும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது மாதம் 2,000. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது. வேலைக்குப் போகும் உங்களுக்குப் பொருந்துவது கடினம். இருந்தாலும் அதே மேஜையில் கேட்டுவிடுங்கள்.

இனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பெரியவளை அங்கன்வாடியில் விடலாம். சின்னவனுக்குத்தான் சிக்கல். 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த விதி. தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவும் உரிமை உண்டு. கம்பெனியில் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். கைக்குழந்தை வைத்திருக்கிற இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். 'காப்பகம்' என்று போர்டு மாட்டி உள்ளே துணி மூட்டை அடுக்கியிருக்கிற இடங்கள் உண்டு; ஆய்வு வரும் அன்று மட்டும் தொட்டில் வெளியே வரும். அப்படி இருந்தால் தொழிலாளர் துறைக்கு மனுப் போடுங்கள். கூடவே, மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் 6 மாதம் முதல் 6 வயது வரைக்குமான காப்பகம் உங்கள் பகுதி அங்கன்வாடி எதிலாவது இருக்கிறதா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம்.

மனுப் போட்ட பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். நடக்காவிட்டால் கண்டிப்பாக எழுதுங்கள்.

தடுப்பூசி அட்டையை வெள்ளத்தில் தொலைத்துவிட்டோம். என்ன செய்வது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவேடு இருக்கும். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்குப் பிக்மி எண்ணோடு போங்கள். பதிவு செய்த போன் நம்பரை வைத்து மத்திய அரசின் யூ-வின் தளத்திலும் பாருங்கள். அதில் ஏறியிருந்தால் சான்றை இறக்கிக்கொள்ளலாம்.

போனில் பாட்டுப் போட்டால்தான் ஒன்றரை வயது மகன் வாய் திறக்கிறான். நல்ல கல்வி சேனல் ஒன்று சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, சேலம்

சொல்ல மாட்டேன். இரண்டு வயது வரைக்கும் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 2 முதல் 4 வயதுக்குக்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. சேனல் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது.

தட்டில் கொஞ்சம் பருப்புச் சாதத்தைப் போட்டு அவன் முன்னால் வைத்து, நீங்களும் ஒரு தட்டோடு எதிரே உட்காருங்கள். தரையில் பாதி கொட்டும், தலையில் கொஞ்சம் பூசிக்கொள்வான். இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். மாமியார் "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்பார். எடை உண்மையிலேயே குறைகிறதா என்று அங்கன்வாடியில் நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் டாக்டரிடம் போங்கள், குறையாவிட்டால் அந்த எடையை மாமியாரிடம் காட்டுங்கள்.